தம்பி கொண்டாடாத கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மட்டும் அமைதியாகிவிடுவான். அம்மா அரிசி ஊறப்போட்ட படத்தைப் போடுவாள். சித்தப்பா மகள் நட்சத்திரம் வாங்கிய கடையையும் விலையையும் போடுவாள். மினுமினுக்கும் வாழ்த்துப் படங்களை அத்தை நவம்பரிலேயே அனுப்ப ஆரம்பித்திருப்பாள். தம்பி எல்லாவற்றையும் பார்ப்பான், ஒன்றுக்கும் பதில் போடமாட்டான். ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி பேச்சு வரும், அதுவும் கிரிக்கெட்டைப் பற்றியோ கேஸ் சிலிண்டரைப் பற்றியோ இருக்கும். கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவன் வேறொரு சபையில் சேர்ந்தான். அங்கே கிறிஸ்துமஸ் கிடையாது, ஈஸ்டர் கிடையாது, லெந்து என்கிற தவக்கால நாட்கள் கிடையாது, பெண்கள் நகை போடுவது கிடையாது. தென்மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார்.

அவன் சண்டை போடுகிறவன் இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அக்கா, கிறிஸ்துமஸ் வேதத்துல எங்க இருக்கு? நீ படிச்சவதானே, காட்டு" என்று ஒரு முறை சிரித்துக்கொண்டே கேட்டான். நான் வரலாறு படித்தவள். காட்ட முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கேள்வி அன்றிலிருந்து செருப்புக்குள் சிக்கிய கல் மாதிரி கூடவே வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ரயிலுக்கு டிக்கெட் போடும்போது, இல்லாத ஒரு தேதிக்காகவா இத்தனை பேர் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறோம் என்று தோன்றும். தோன்றினாலும் டிக்கெட் போட்டுவிடுவேன், அது வேறு விஷயம்.

அவன் சொல்வதில் தப்பில்லை

இயேசு பிறந்த கதையை நான்கு சுவிசேஷங்களில் மத்தேயுவும் லூக்காவும்தான் சொல்கிறார்கள். மாற்கு நேரே யோர்தான் நதிக்கரையில் ஆரம்பித்துவிடுகிறார். லூக்கா ரோமப் பேரரசன் அகுஸ்துராயன் எடுத்த குடிமதிப்பைச் சொல்கிறார், சிரியாவை ஆண்டவன் பெயரைச் சொல்கிறார், மேய்ப்பர்கள் ராத்திரியில் மந்தையைக் காத்ததைச் சொல்கிறார். நாளும் மாதமும் மட்டும் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்ற தேதி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய உறுதியான குறிப்பு, கி.பி. 354இல் ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டித் தொகுப்பில் இருக்கிறது. அதாவது மூன்று நூற்றாண்டு கழித்து. ஆர்மீனியத் திருச்சபை இன்றுவரை ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறது. எகிப்தின் காப்டிக் சபையாருக்கும் ரஷ்யர்களுக்கும் பழைய ஜூலியன் கணக்கின்படி ஜனவரி 7. ஆக, "இந்தத் தேதியில்தான் பிறந்தாரா?" என்று கேட்டால், நேர்மையான பதில் "தெரியாது" என்பதுதான்.

கொண்டாட மாட்டேன் என்று சொன்ன முதல் ஆளும் தம்பி இல்லை. 1647இல் இங்கிலாந்து நாடாளுமன்றமே கிறிஸ்துமஸை ஒழித்துச் சட்டம் போட்டது. தூய்மைவாதக் கிறிஸ்தவர்களின் காலம் அது. வேதத்தில் இல்லாத பண்டிகை எதற்கு என்று தம்பி கேட்கும் அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். கடல் கடந்து போய் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறியவர்கள் 1659இல் ஒருபடி மேலே போனார்கள்: கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அதை நீக்க 1681 வரை ஆனது. ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 அரசு விடுமுறை ஆனதே 1958இல்தான். இதையெல்லாம் தம்பியிடம் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு பிரகாசம். வாதத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது நான்தான்.

வீட்டுக்குள் இருக்கும் பொருட்களைப் பார்த்தாலும் கதை இதேதான். கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மானியர் வழக்கம். பாளையங்கோட்டையில் தேவதாரு ஏது? எங்களுக்குச் சவுக்குக் கிளைதான். அப்பா சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார், நாங்கள் மண் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் நட்டு, மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்துப் பனி என்று ஒட்டுவோம். பனி பெய்ததை யாரும் பார்த்ததில்லை. சவுக்கும் கடல் கடந்து வந்த மரம்தான். நட்சத்திரத்தின் கதை இன்னும் வேடிக்கை. பல முனை நீட்டிய அந்தக் காகித நட்சத்திரம், ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியன் சபையார் நடத்திய பள்ளியில், 1830களில் பிள்ளைகளுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்கச் செய்தது என்கிறார்கள். எங்கள் தெருவில் அது மூங்கில் சிம்பாலும் பட்டக் காகிதத்தாலும் ஆன ஐந்து முனை நட்சத்திரமாக இருந்தது. மைதாப் பசை காயும் முன்னே எறும்பு வந்துவிடும். உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பு. மழை பெய்தால் காகிதம் கிழிந்து எலும்புக்கூடு மட்டும் தொங்கும், மறுநாள் மறுபடி ஒட்டுவோம். இப்போது வரும் பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் மழைக்குக் கிழிவதில்லை. அதனாலேயே எனக்கு அவற்றைப் பிடிக்கவில்லை. கோயிலில் பாடும் பாமாலை மெட்டுகளிலும் பல ஜெர்மன் மெட்டுகள். 18ஆம் நூற்றாண்டில் மிஷனரி பப்ரிசியுஸ் ஐயர் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்) ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கிவிட்டுப் போனார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, எங்கள் பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் வேர் போட்ட ரேனியஸ் ஐயரும் பிரஷ்யாக்காரர்தான். தேதி ரோமில் இருந்து, மரம் ஜெர்மனியில் இருந்து, மெட்டு அங்கிருந்தே. வேதத்தில் இருந்து வந்தது என்று பார்த்தால் மேய்ப்பன் வேஷம் போட்ட பையன்கள் தலையில் கட்டும் ஈரிழைத் துண்டுகூட இல்லை.

இதில் எதையும் நான் மறுக்கவில்லை. தம்பிக்கு என்னால் பதில் சொல்ல முடியாதது அதனால்தான்.

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால்

ஆனால் எங்கள் வீட்டில் பண்டிகை தேதியில் ஆரம்பிப்பதில்லை, மாவு மில்லில் ஆரம்பிக்கும். டிசம்பர் நடுவில் அம்மா பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, வெள்ளை வேட்டியில் நிழலில் உலர்த்துவாள். மழைக்காலம் ஆகையால் அது பெரிய போராட்டம். ஈரம் அதிகமானால் மாவு கட்டிபிடிக்கும், காய்ந்துபோனால் அதிரசம் விறைக்கும். மில்காரர் "முறுக்குக்கா, அதிரசத்துக்கா?" என்று கேட்டுத்தான் கல்லை முறுக்குவார். அங்கே நிற்கும் வரிசையில்தான் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் மகனுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை என்ற செய்தியெல்லாம் கிடைக்கும். அப்புறம் அச்சு முறுக்கு. அரிசி மாவில் தேங்காய்ப் பால், முட்டை, சீனி, எள் சேர்த்துக் கரைத்து, அச்சை எண்ணெயிலேயே காயவிட்டு மாவில் முக்க வேண்டும். முக்கால் பங்குதான் முக்க வேண்டும். முழுக்க முங்கிவிட்டால் மாவு மேலேயும் மூடிக்கொள்ளும், பிறகு கம்பியால் குத்தினாலும் கழன்று வராது. அச்சு சரியாகக் காயாவிட்டால் மாவு ஒட்டவே ஒட்டாது. முதல் நாலைந்து எப்போதும் உடையும். உடைந்ததெல்லாம் பிள்ளைகளுக்கு. நாங்கள் அடுப்படியில் காத்திருந்ததே அந்த உடைசலுக்காகத்தான்.

முந்திரிக்கொத்துக்குப் பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டாள். பாசிப்பயறை வறுத்து, தோல் நீக்கி, ரவை பதத்துக்கு உடைத்து, வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்து, அதில் கருப்பட்டிப் பாகை ஊற்ற வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிதான் வேண்டும் என்பாள். சர்க்கரை கலந்த கருப்பட்டி என்றால் நாக்கில் வைத்த உடனே தெரிந்துவிடும். பாகு ஆறினால் உருண்டை பிடிக்க வராது. ஆகவே கை சுடச் சுடப் பிடிக்க வேண்டும். அம்மாவும் பெரியம்மையும் எதிரெதிரே உட்கார்ந்து, பேச்சையும் நிறுத்திவிட்டு, ஊதி ஊதிப் பிடிப்பார்கள். பிறகு மூன்று மூன்றாகச் சேர்த்து, மஞ்சள் போட்ட அரிசிமாவுக் கரைசலில் முக்கித் தேங்காய் எண்ணெயில் பொரிப்பது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது "அடுத்த வருஷம் கடையிலதான்" என்பாள் அம்மா. ஒரு வருஷமும் அது நடக்கவில்லை. ஆண்கள் இந்த வேலையில் என்ன செய்தார்கள் என்று யோசித்தால், அப்பா தகர டப்பாவின் மூடியைத் திறந்து கொடுத்தது நினைவு வருகிறது. நினைவுகள் என்று இனிப்பாகப் பேசும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பலகாரம் சுட்டது நாங்கள் தின்பதற்கு மட்டும் இல்லை, முக்கால்வாசி தட்டுகளில் தெருவுக்குப் போகும். தட்டுக்காரன் தம்பிதான். எந்த வீட்டுக்கு எவ்வளவு, எந்த வீட்டில் சர்க்கரை வியாதி, எந்த வீட்டில் முட்டை சேர்த்த அச்சு முறுக்கை வைக்கக்கூடாது என்று ஏழெட்டு வயதிலேயே அவனுக்கு மனப்பாடம். எவர்சில்வர் தட்டின் மேல் கைக்குட்டை போட்டு மூடி எடுத்துப் போவான். திரும்பி வரும்போது தட்டில் ஒரு கை சீனியோ இரண்டு வாழைப்பழமோ இருக்கும். வெறும் தட்டை யாரும் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். தீபாவளிக்கு இதே தட்டுகள் எதிர்த்திசையில் வரும். அடுத்த வீட்டுப் பிள்ளைவாள் வீட்டு ஆச்சி, சாமிக்குப் படைக்கும் முன்னாலேயே எங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவாள். "இது படைக்காதது, ஒங்க அம்மாகிட்ட சொல்லிரு" என்று வாசலிலேயே சொல்லுவாள். யாரும் அவளிடம் கேட்டதில்லை. எங்கள் ஆச்சிக்கோ இந்தக் கவலையே கிடையாது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுலே, கடையில் விற்கிறதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். "அப்போஸ்தலரே கேக்காதப்ப நான் எதுக்குக் கேக்கணும்" என்று அதிரசத்தை வாயில் போடுவாள். ஆச்சிக்கு வேதம் தம்பியைவிட நன்றாகத் தெரியும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அவள் இப்போது இல்லை, அதனால் இதைச் சொல்லி ஜெயிப்பது நியாயமில்லை.

அவனைப் பற்றி நினைக்கும்போது எனக்கு அதிகம் வலிப்பது பஜனை. கீதப்பவனி என்று கோயில் அறிவிப்பில் வாசிப்பார்கள், கேரல் ரவுண்ட்ஸ் என்று இளைஞர்கள் சொல்வார்கள், எங்கள் ஆச்சிக்கு அது பஜனை. ராத்திரி ஜெபம் முடிந்து கிளம்பினால் வீடு வீடாகப் போய்ப் பாடி முடிக்கக் கோழி கூவிவிடும். முன்னால் ஒருவர் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார். தம்பி தபேலாவை வயிற்றோடு துண்டால் கட்டிக்கொண்டு நின்றபடியே வாசிப்பான். கீர்த்தனை எடுத்தால் தெருநாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்தும் என்று பெருமை அடித்துக்கொள்வோம். உண்மையில் நிறுத்தாது. சில வீடுகளில் சுக்குக் காப்பி, சில வீடுகளில் பன், ஒரு வீட்டில் எந்த வருஷமும் கதவைத் திறக்கமாட்டார்கள், ஆனால் ஜன்னலில் காணிக்கைக் கவர் செருகியிருக்கும். கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை நாலு மணி ஆராதனைக்கு எங்களில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும். நடுராத்திரிப் பூசையை முடித்துவிட்டுப் போர்த்திப் படுத்திருக்கும் கத்தோலிக்கச் சிநேகிதர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அந்தத் தபேலா இப்போது அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது. தம்பி தன் சபையில் கீபோர்டு வாசிக்கிறான்.

அவனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு எழுதாத ஒப்பந்தம் உண்டு. பண்டிகைக்கென்று செய்ததை அவன் தொடமாட்டான். ஆனால் முறுக்கு என்பது முறுக்கு. ஆகவே டிசம்பர் 20க்கு முன்னால் அவன் வந்தால் டப்பாவைத் திறந்து "சும்மா சுட்டதுலே" என்று அம்மா நீட்டுவாள். அவனும் சும்மா சாப்பிடுவான். 20 தாண்டிவிட்டால் அதே டப்பாவில் இருக்கும் அதே முறுக்கு பண்டிகைப் பலகாரம் ஆகிவிடும். இந்த 20ஆம் தேதியை யார் முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அது மட்டும் எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்க நாக்கு துடிக்கும், கேட்டதில்லை.

வெள்ளம் வந்த வருஷம்

2023 டிசம்பர் 17, 18. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி இரண்டு கரையையும் மறந்து ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையம் குளமானது. பாளையங்கோட்டை மேட்டுப் பகுதியில் இருப்பதால் அம்மா வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் தம்பி இருப்பது தூத்துக்குடியில், தரைத்தளத்தில். போன் எடுக்கவில்லை. சென்னையில் அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் எங்களை இருட்டில் உட்காரவைத்திருந்தது. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் இது. ரயில் ஓடத் தொடங்கியதும் நான் வந்து சேர்ந்தேன். சாலை திறந்ததும் தம்பி, மனைவியோடும் மகளோடும், ஒரு நண்பரின் வேனில் வந்து இறங்கினான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வீட்டில் இருந்து எடுத்து வந்தது அவ்வளவுதான். அதற்குள் அம்மாவின் முறுக்கு டப்பாக்கள் காலியாகி இருந்தன. நிவாரண முகாமுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனவர்களிடம் எல்லாவற்றையும் கொடுத்தனுப்பிவிட்டாள். அந்த வருஷம் முந்திரிக்கொத்து சுடவே இல்லை.

இப்படியாக, சபை மாறிய பிறகு முதல் தடவையாகத் தம்பி கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டில் இருந்தான். வேறு போக இடமில்லாததால் இருந்தான், அவ்வளவுதான். 24ஆம் தேதி ராத்திரி கூடத்தில் மின்விசிறியை மெல்ல ஓடவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் இருந்த நனைந்த சான்றிதழ்களைத் தரையில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தோம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, வீட்டு வாடகைப் பத்திரம், அவனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதைப் பிரிக்க அம்மா தோசைக் கரண்டியைக் கொண்டுவந்தாள். மதிப்பெண் பட்டியலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இந்தத் தேதியிலயாலே நீ பிறந்த?"

"சர்டிபிகேட்ல அதானே இருக்கு."

"ஒண்ணாம் கிளாஸ்ல சேக்க அஞ்சு வயசு ஆகலைன்னு ஹெட்மாஸ்டர் போட்டது. நீ பிறந்தது ஆவணி மாசம். நல்ல மழை அன்னைக்கு."

எங்கள் தலைமுறை வரைக்கும் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பிறந்தநாள் உண்டு. அப்பாவுடையதும் வாத்தியார் போட்ட தேதிதான். அம்மாவுக்கு உண்மைத் தேதியே தெரியாது, ஆச்சி "பெரிய புயல் அடிச்ச வருஷம்" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"ஒங்க சபையில வருஷா வருஷம் எழுப்பி நிக்கவச்சு ஸ்தோத்திரம் பண்ணுதாங்களே, அது மே மாசம்லா? அன்னைக்கு நீ பிறக்கலைல்லா. அதுக்காகப் பிறக்கவே இல்லைன்னு ஆயிருமா?"

"அது ரெக்கார்டுக்கும்மா."

"இதுவும் ரெக்கார்டுக்குத்தாம்லே."

அவன் பதில் சொல்லவில்லை. மதிப்பெண் பட்டியலைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் காய்கிறதா என்று பார்த்தான். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். கி.பி. 354ஐயும் ஐந்து ஷில்லிங்கையும் வைத்துக்கொண்டு நான் இத்தனை வருஷம் தவித்ததை அம்மா ஒரு தோசைக் கரண்டியோடு முடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

முடியவில்லை. தம்பி சும்மா வேதம் படித்தவன் இல்லை. படுக்கப் போகும் முன் அடுப்படி வாசலில் நின்று சொன்னான்: "எம்மா, சர்க்கார் தேதி கேட்டுது, அதனால போட்டோம். ஆண்டவர் கேக்கலையே." நல்ல பதில். எனக்கே அதற்கு மறுபதில் தோன்றவில்லை. அம்மா மறுநாளைக்கு இட்லி மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "அவரு கேக்கலை. நான் கேக்கேன்."

அந்த வார்த்தையை நான் பலநாள் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அம்மா அதைப் பக்தியாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. அரிசி வாங்கி வா என்பது மாதிரிச் சொன்னாள். நானும் தம்பியும் இத்தனை காலம் பண்டிகையின் சொந்தக்காரர் யார் என்று ரோமிலும் ஜெர்மனியிலும் தேடிக்கொண்டிருந்தோம். அவன் தேடியது அதைத் தள்ளுவதற்கு, நான் தேடியது தாங்கிப் பிடிப்பதற்கு. இரண்டு பேருமே அடுப்படியைப் பார்க்கவில்லை. வருஷத்தில் ஒரு தடவை பிள்ளைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று ஒரு மனுஷி கேட்கிறாள். சும்மா வா என்றால் வரமாட்டார்கள், லீவு இல்லை, டிக்கெட் இல்லை, குழந்தைக்குப் பரீட்சை என்பார்கள். அதனால் கை சுடப் பாகு காய்ச்சுகிறாள். ஊரே ஒப்புக்கொண்ட ஒரு தேதி அவளுக்குத் துணை நிற்கிறது. திருச்சபை அந்தத் தேதியை எதற்காக வைத்திருந்தாலும், எங்கள் வீட்டில் அது இந்த வேலையைத்தான் செய்துவந்திருக்கிறது. தம்பியின் இறையியலில் இதற்கு இடம் இருக்கிறதா என்று அவன்தான் சொல்ல வேண்டும். என்னுடைய வரலாற்றுப் புத்தகங்களில் இல்லை. கொண்டாடியவர்களுக்கு அபராதம் போட்ட கதை அவற்றில் இருக்கிறது. மாசசூசெட்ஸில் எந்தெந்த அம்மாக்கள் அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் நாலு மணி ஆராதனைக்கு அம்மா, அப்பா, நான் போனோம். கோயிலில் அந்த வருஷம் விளக்கு அலங்காரம் எதுவும் இல்லை. காணிக்கை முழுக்க வெள்ளத்தில் போனவர்களுக்கு என்று குருவானவர் அறிவித்தார். புதுத்துணி உடுத்தியவர்களைவிட உடுத்தாதவர்கள் அதிகம். வீட்டுக்குத் திரும்பியபோது தம்பி குளித்துவிட்டு இட்லி அவித்து, சாம்பாரும் வைத்திருந்தான். "என்னலே, பண்டிகையா?" என்றார் அப்பா. "திங்கக்கிழமைப்பா" என்றான். அது உண்மையும்கூட. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து திங்கட்கிழமை இட்லியைச் சாப்பிட்டோம். அவன் மகள் மட்டும் வாசலில் போய் நின்று எதிர்வீட்டு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை.

அடுத்த வருஷம் நவம்பரிலேயே அம்மா குழுவில் ஒரு குரல்பதிவு போட்டாள். 25ஆம் தேதி அவரவர் இஷ்டம். கோயிலுக்குப் போகிறவர்கள் போகலாம், போகாதவர்கள் தூங்கலாம். 26 மதியம் எல்லோரும் பாளையங்கோட்டையில் இருக்க வேண்டும், ஆட்டுக்கறி பிரியாணி, ஒருத்தரும் சாக்குச் சொல்லக்கூடாது. பண்டிகைப் பேச்சுக்குத் தம்பி குழுவில் எழுதிய முதல் வார்த்தை அதற்குப் பதிலாக வந்தது: "சரிம்மா." அப்பாவுக்குத்தான் வருத்தம். பண்டிகையன்று பிரியாணி இல்லாமல் இட்லி தின்பதற்கா இந்த வயது வரை உயிரோடு இருக்கிறேன் என்று அத்தையிடம் போனில் புலம்பினார். அம்மா அவருக்காக 25ஆம் தேதி கொஞ்சம் கோழி வாங்கிக்கொள்கிறாள். 26 காலையில் ஆட்டுக்கறி வாங்கத் தம்பிதான் போகிறான். கடையில் கூட்டமே இல்லை, கேட்ட தொடைக்கறி கிடைக்கிறது, இதை ஏன் முன்னாலேயே செய்யவில்லை என்று கேட்டுக்கொண்டே வருகிறான்.